இரண்டாவது அளவு

அசிபா அக்கா என் தந்தூர் அடுப்புப் பக்கம் வந்து நின்றதும், கறி சம்சாவுக்குக் காத்திருந்த மூன்று பேரும் கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள். அக்டோபர் பிறந்துவிட்டது, ஆனாலும் வெயில் இன்னும் முதுகைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்றுகூட இல்லை. குளிருக்காக யாரும் கையை மறைக்கவில்லை. வெளியூர் லாரி டிரைவர் ஒருவன் மட்டும் ஒன்றும் தெரியாமல் இரண்டு கையாலும் சம்சாவைப் பிடித்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன, எல்லாருக்கும் கை வெறச்சுப்போச்சா?" என்றாள் அசிபா அக்கா. "பயப்படாதீங்கடி. இன்னைக்கு நான் சம்சா திங்கத்தான் வந்தேன். ஜிபார், வெங்காயம் தூக்கலா இருக்கறதா ஒண்ணு எடு."

யாரும் சிரிக்கவில்லை. நான் முழங்கை வரைக்கும் வருகிற கையுறையை மாட்டிக்கொண்டு அடுப்புக்குள் குனிந்தேன். சுவரில் ஒட்டியிருந்த சம்சாவைப் பெயர்க்கும்போது ஆட்டுக்கொழுப்பின் ஆவி முகத்தில் அடித்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே எனக்கு அந்த வாசனை ஆகவில்லை. பதினெட்டு வருஷம் இதே கறியோடு கிடந்தால் யாருக்குத்தான் சலிக்காது என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். நிமிர்ந்தபோது அசிபா அக்கா சம்சாவைப் பார்க்கவில்லை, என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஏப்ரன் கயிறு முன்பெல்லாம் முதுகுப் பக்கம் முடிச்சுப் போடத்தான் எட்டும். இப்போது அது ஒரு சுற்றுச் சுற்றி முன்பக்கம் வந்து முடிச்சு விழுந்து, மிச்சமும் தொங்கிக்கொண்டிருந்தது.

பாதி சம்சாவைத் தின்றாள். மீதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்கு மத்தியானம் வீட்ல இருப்பியா?" என்றாள்.

"இல்லக்கா, உருளைக்கெழங்கு தோண்டணும்."

"சரி, தோண்டு" என்று சொல்லிவிட்டுச் சாலையோரமாக நடந்து போய்விட்டாள். அவள் வளைவில் மறைந்த பிறகுதான் மூன்று பேர் கையும் வெளியே வந்தன. "உன்னையும் பாத்து வச்சுட்டுப் போறா, ஜிபார்" என்றாள் தபாலாபீஸ்காரி. நான் சிரித்தேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் உடம்பைக் குளிப்பாட்ட ஐந்து பேர் வேண்டும், ஐந்து பேரும் ஐந்து வம்சத்திலிருந்து வரவேண்டும். பெண்ணானால் ஐந்து பெண்கள். யார் யார் என்று போகிறவர் வாயாலேயே சொல்லிவிட்டுப் போவது வழக்கம். உடம்பைச் சுற்றிப் புதைக்கும் கபன் துணியில் மிஞ்சியதை வெட்டி அவசர அவசரமாகக் கையுறை தைத்து அந்த ஐந்து பேருக்கும் மாட்டிவிடுவார்கள், வெறுங்கையால் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பை கொடுப்பார்கள், அதில் சட்டைத்துணி, தலைக்குட்டை, சோப்பு இருக்கும். வசதியுள்ளவர்கள் அந்தப் பைகளை உயிரோடிருக்கும்போதே கட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. பெட்டியைத் திறந்து கபன் துணியை விருந்தாளிக்குக் காட்டி, தரம் எப்படி என்று கேட்கிற கிழவிகள் இங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு.

ஆனால் அது கிழவிகளுக்கு. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களிடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். அதுவும் ஒருவர் உண்மையிலேயே நோயில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், வீடு முழுக்க வாயைத் தைத்துக்கொள்ளும். டாக்டர் சொந்தக்காரரை வெளியே கூப்பிட்டுச் சொல்வார், சொந்தக்காரர் உள்ளே வந்து வேறொன்று சொல்வார். அப்படித்தான் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

அசிபா அக்கா முப்பத்தேழு வருஷம் எங்கள் தாஷ்-புலாக் ஊரின் சுகாதார நிலையத்தை நடத்தியவள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பதவி. ஆனால் டாக்டரும் நர்சும் இல்லாத ஊரில் அவள்தான் இரண்டும். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள், என் மகள் உட்பட. குழந்தை கிடையாது. கணவர் ஒமோர் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற கையோடு தன் அறுபத்தேழாம் பிறந்தநாளுக்குத் தெருவையே கூப்பிட்டாள். கறியும் மாவுமாக வயிறு நிறைந்து எல்லாரும் டீக்கு வந்தபோது, கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினாள்.

"என்னைக் குளிப்பாட்ட அஞ்சு பொம்பளைங்க வேணும். இன்னைக்கே ஆளெடுக்கறேன்."

"இன்டர்வியூ உண்டா அண்ணி?" என்றார் அவள் கொழுந்தனார்.

"உண்டு. குளுந்த தண்ணி ஊத்தறவளுக்கு வேலை கெடையாது. என் பல் செட்டைக் கழட்டிட்டுச் சிரிக்கறவளுக்கும் கெடையாது."

ஒரே சிரிப்பு. அவசரக் கையுறையெல்லாம் தனக்கு ஆகாது, அளவெடுத்துத் தைக்கவேண்டும் என்று ஒரு வெள்ளை நூல்கண்டை எடுத்தாள். நாங்கள் இருபத்திரண்டு பெண்கள் வரிசையில் வந்து கையை நீட்டினோம். நாலு விரலும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் நூலைச் சுற்றி, இறுக்கமாக முடிச்சுப் போட்டு, வளையத்தை விரல் வழியாக உருவி எடுப்பாள். அவரவர் பேரை அவரவரே சீட்டில் எழுதி வளையத்தில் கட்டவேண்டும். என் வளையம் வெளியே வராமல் மல்லுக்கட்டியது. தாலாய், என் கணவன், அந்தக் கோடியிலிருந்து கத்தினான்: "பீப்பாய்க்குக் கயிறு பத்தாது அக்கா, கம்பி கொண்டு வாங்க!" அவன் கல்யாணத்திலிருந்தே என்னைப் பீப்பாய் என்றுதான் கூப்பிடுவான். நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, என் மாமியார் சாகும்வரை அது அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லா வளையங்களும் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் போயின. அன்றைக்கே இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள், அவளுடைய நாத்தனார் உம்சுனாய், அப்புறம் இமாமின் மனைவி. மறு வாரமே அவர்கள் வீட்டுக்குப் பையும் கையுறையும் போய்ச் சேர்ந்தன. "மிச்சம் மூணு எடம் இருக்கு. பாத்துப் போடறேன்" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் பள்ளிக்கூடச் சமையல்காரி ஷரிபா வீட்டுக்கு டப்பாவோடு போனாள். ஏற்கெனவே அளந்த கையை எதற்காகவோ மறுபடியும் அளந்தாள். அறுவடைக்குள் ஷரிபா போய்விட்டாள். முதல் பனி விழுந்தபோது நூலகத்து ரோஸாவின் கையை இரண்டாம் முறை அளந்தாள்; அந்தப் பனி உருகுவதற்குள் ரோஸாவைப் புதைத்தோம். அதற்கப்புறம் பால் கறக்கும் மைராம். மார்ச் மாதம் அளவு, ஜூன் மாதம் மரணம். மூன்று பேரும் சாகும் முன்பு, தங்களைக் குளிப்பாட்ட அசிபா அக்கா வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அளந்தவளே வந்து குளிப்பாட்டினாள். ஊருக்கு இது போதாதா? கல்யாண வீட்டில் அவள் உட்கார்ந்த வரிசை காலியாகக் கிடந்தது. டப்பாவுக்குள் இருக்கிற தன் வளையத்தைத் திருப்பிக் கேட்க இரண்டு பேர் போய், கேட்க வாய் வராமல் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

நான் அதையெல்லாம் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உம்சுனாயும் இமாம் மனைவியும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்களே என்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். இருக்கிறவர்களை யார் எண்ணுகிறார்கள். ஆனால் மே மாதம் ஒரு மத்தியானம் மைராம் வீட்டுக்குச் சூடாக நாலு சம்சா எடுத்துப் போனபோது ஜன்னலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். உள்ளே இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அசிபா அக்கா. இன்னொரு குரல் மைராமுடையது, மூச்சிரைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தது: "அந்தப் போட்டோவை என் கல்லறைக் கல்லுல செதுக்கினா நான் எந்திரிச்சு வந்துடுவேன்க்கா, அதுல எனக்கு மூணு தாடை." மறுபடி சிரிப்பு. சாகக் கிடக்கிறவள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. சம்சாவை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மைராமின் மூன்றாம் நாள் சாப்பாட்டில் அவள் கணவன் எல்லார் எதிரிலும் வெடித்தான். "நாங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ரத்தம் கம்மின்னுதான் சொல்லி வச்சிருந்தோம். இவ வந்து நூலைக் கட்டினா, மறுநாளே என் பொண்டாட்டி என்னைப் பாத்து, என் சாவுச் சாப்பாட்டுக்கு எந்தக் குதிரைய அறுக்கப்போறன்னு கேக்கறா! யாருடி நீ அவளுக்குச் சொல்றதுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் அசிபா அக்கா. "கைய அளந்தேன். அவளாத்தான் கேட்டா."

அவ்வளவுதான் சொன்னாள். கிண்ணத்தில் இருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

இனி என் கதை. ஆகஸ்டில் இரண்டு தடவை அடுப்படியிலேயே வாந்தி எடுத்தேன். தாலாய் தன் வாடகை வேனில் வேறு யாரையும் ஏற்றாமல் என்னை மட்டும் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோனான். தொண்டை வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் தாலாயைத் தோளில் கைபோட்டு வராண்டாவின் கோடிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தவன், "வயித்துப்புண்ணாம். காரம் கூடாதாம், கஞ்சி குடிக்கணுமாம்" என்றான். வழியெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினான்.

அன்றிலிருந்து என் கணவன் நல்லவனாகிவிட்டான். ஆறு வருஷமாகச் சொல்லியும் சரிசெய்யாத கொல்லைக் கதவு மறுநாளே சரியானது. ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொண்டுவந்து வைத்தான். சூப் தீய்ந்துபோன அன்று ஒரு சொல் சொல்லாமல் முழுவதையும் குடித்தான். தலைநகரில் படிக்கிற மகளுக்குப் போன் போட்டு, சும்மா ஒரு நடை வந்துட்டுப் போ என்றான். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் என்னை மண்வெட்டியைத் தொடவிடவில்லை. செப்டம்பர் முழுக்க என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். ஜிபார், ஜிபார் என்று வீட்டுக்குள் கேட்கும்போதெல்லாம், வேறு யாரையோ தேடி வந்தவன் கூப்பிடுவது மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும் என்று சொன்னாலும் பொய். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதில் ஒரு மனுஷி இரண்டு மாதம் சம்சா சுட்டுக்கொண்டே காலம் தள்ளலாம்.

அசிபா அக்கா சம்சா தின்றுவிட்டுப் போன மறுநாள் மத்தியானம் நான் உருளைக்கிழங்கு தோண்டவில்லை, வீட்டில்தான் இருந்தேன். தாலாய் வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அசிபா அக்கா முன்வாசலில் வரவில்லை. கொல்லையில் ஆப்ரிகாட் மரங்களுக்கு நடுவே, உதிர்ந்த சிவப்பு இலையில் காலை அழுத்தி வைத்து மெதுவாக நடந்து வந்தாள். தாலாய் சரிசெய்த கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. பழையபடியே இருந்திருந்தால் அந்தக் கிறீச்சில் நான் ஓடி ஒளிந்திருப்பேன்.

"என்னக்கா, திருடி மாதிரி பின்னாடியா வர்றீங்க?"

"முன்னாடி ரெண்டு தடவை வந்தேன். உன் புருஷன் கேட்டுலயே நிறுத்திட்டான்."

"எப்போ?"

"போன மாசம். ஜாம் குடுக்க வந்தேன்னு சொன்னேன். ஜாமை வாங்கிட்டு என்னை அனுப்பிட்டான்."

அந்த ஜாம் மேசைமேல்தான் இருந்தது. தாலாய் அதைக் கடையில் வாங்கினேன் என்று சொல்லியிருந்தான். நான் அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்து வந்து டீ ஊற்றினேன். அசிபா அக்கா பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. மூன்று வளையங்களில் மட்டும் கறுப்பு நூல் ஒரு சுற்று. அவள் விரலால் கிளறியபோது அடியிலிருந்து என் கையெழுத்து மேலே வந்தது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுதியதால் எழுத்து கோணலாக இருந்தது.

"கையக் குடு" என்றாள்.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். நாற்பத்து மூன்று வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஆத்திரம் பொங்கியது. "மூணு பேரக் கொன்னது பத்தலையா உங்களுக்கு? ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா? குளிப்பாட்ட ஆள் தேடறவங்க நல்லா கொழுகொழுன்னு இருக்கறவளாப் பாத்துத் தேடவேண்டியதுதானே!"

அவள் முகம் மாறவில்லை. "கொழுகொழுன்னு இருக்கற ரெண்டு பேரை அன்னைக்கே எடுத்துட்டேனே. உம்சுனாய் ரெண்டு வருஷமா பையைப் பொட்டில வச்சிருக்கா. இமாம் பொண்டாட்டி போன வாரம் கல்யாணத்துல ஆடினா. அவங்க கைய நான் ஏன் மறுபடி அளக்கலன்னு இந்த ஊர்ல ஒருத்தியாவது கேட்டாளா?"

நான் கேட்டதில்லை. அவர்கள் ஏன் சாகவில்லை என்றுதான் நானும் எல்லாரிடமும் கேட்டேனே தவிர, அவர்களை ஏன் அளக்கவில்லை என்று கேட்டதில்லை. கெட்டிலின் மூடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஷரிபாவோட கண்ணு மஞ்சளா இருந்துச்சு" என்றேன் கடைசியில். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே. நான் பாத்தேன்."

"எல்லாரும் பாத்தீங்க."

"அப்ப நீங்க அளந்ததால சாகல. சாகப்போறவங்களாப் பாத்து அளந்தீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே" என்றாள். ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. டீயை ஒரு வாய் குடித்தாள். "ஒமோருக்கு ஈரல்ல வந்துச்சு. நான்தான் ஊசி போட்டேன், நான்தான் பொய்யும் சொன்னேன். கொழுப்புன்னேன், வசந்தத்துல சரியாயிடும்னேன். அஞ்சு மாசம் அந்த மனுஷன் வசந்தத்துல கூரை மாத்தறதப் பத்தியே பேசினாரு, நானும் ஆணி எத்தனை கிலோ வேணும்னு கூடவே கணக்குப் போட்டேன். கடைசி நாள் காலையில என்னைப் பாத்து, 'அசிபா, நாம ஒண்ணுமே பேசிக்கலையேடி'ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு, ஜிபார். எனக்காகத்தான் கூரையப் பத்திப் பேசியிருக்காரு."

அவள் அழவில்லை. எனக்குத்தான் மூக்கு ஒழுகியது.

"முப்பத்தேழு வருஷம் இப்படி எத்தனை பேர்கிட்ட வாய மூடினேன். மூடிப் பழகின வாய், இப்ப தெறக்கணும்னாலும் தெறக்காது. உனக்கு இதுன்னு ஒருத்தர் மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராது. ஆனா என் சாவு என்னோடதுதானே? அதப் பத்திப் பேச நான் எந்த டாக்டர்கிட்டயும் கேக்க வேண்டாம். அதான் என்னோடதத் தூக்கிட்டு வீடு வீடா வர்றேன். நான் என்னோடதப் பேசறேன். கேக்கறவ அவளோடதப் பேசினா பேசட்டும். பேசலையா, டீயக் குடிச்சுட்டுப் போறேன்."

தொடைக்கு அடியில் என் கை மரத்துப்போயிருந்தது. வலது கையை வெளியே எடுத்தேன். எடுத்ததும் அதைப் பார்த்தேன், தினமும் அடுப்புக்குள் போகிற கைதான், சூட்டுத் தழும்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மேசைமேல் வைத்தேன். அசிபா அக்கா புது நூல் எதுவும் எடுக்கவில்லை. என் பழைய வளையத்தை எடுத்து என் விரல் நுனியில் மாட்டி விட்டாள், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மல்லுக்கட்டி உருவிய அதே வளையம் விரல் முட்டிகளைத் தொடாமல் தாண்டி, கட்டைவிரலையும் தாண்டி, மணிக்கட்டில் போய் நின்றது. பேர்ச்சீட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கையைக் கழுத்தருகே தூக்கிப் பிடித்தேன். வளையம் முழங்கைப் பக்கம் இறங்கியது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அதே சமயம் இரண்டு மாதமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு இரைச்சல் நின்றுபோன மாதிரியும் இருந்தது.

"எனக்கு எடது தோள்ல பழைய வலி உண்டு" என்று அசிபா அக்கா பேச ஆரம்பித்தாள், வானிலை பற்றிப் பேசுகிற குரலில். "செத்த பெறகு வலிக்காதுன்னு தெரியும், இருந்தாலும் அந்தப் பக்கம் மெதுவாப் பெரட்டுங்க. தண்ணிய முழங்கையில ஊத்திச் சூடு பாத்துட்டு ஊத்துங்க, கொழந்தைக்குப் பாக்கற மாதிரி. உம்சுனாய் என் கால் பக்கம் நிக்கட்டும், அவளுக்கு வாய் சும்மா இருக்காது. நீ தலைமாட்டுல நில்லு."

"நான் இருப்பனா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்ததுதான் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இல்லன்னா" என்றேன், குரலைச் செருமிக்கொண்டு, "நீங்க என் தலைமாட்டுல நில்லுங்க. என் நாத்தனார் ஒப்பாரி வைக்கக் கூடாது. அவ பாடினா மாடு கட்டுத்தறிய அறுத்துட்டு ஓடும்."

"அவளத் தடுக்க ஆளில்ல. நீயே எந்திரிச்சுத் தடுத்தாத்தான் உண்டு."

"சாப்பாட்டுக்கு சம்சா போடக்கூடாது. வேற என்ன வேணா போடுங்க. அந்த வாசனை எனக்கு ஆகல, ஆகஸ்ட்லேருந்து ஆகல. வாசல்ல தந்தூர் புகையிற வாடை வந்துச்சுன்னா நான் பாதி வழியிலேருந்து திரும்பி வந்துடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் செட் நழுவ, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு பீறிட்டது. அழுகையும் அதோடு சேர்ந்துதான் வந்தது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று அந்தச் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரிந்தது. மைராம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று நான் கேட்டது இதைத்தான். இப்போது நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் வெளியே யார் நிற்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தேன்.

தாலாய் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடிக்கு மிக அருகில், மூச்சுப் படிந்து அவன் வாய் இருக்கும் இடம் மங்கிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. கையில் பிளாஸ்டிக் பை, அதில் மாதுளம்பழம்.

அசிபா அக்கா டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். என் வளையத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை. இந்த முறை முன்வாசல் வழியாகவே போனாள். வாசலில் தாலாயைத் தாண்டும்போது அவன் சட்டைக் கையை ஒரு தரம் தொட்டாள். அவன் ஏதாவது கத்துவான் என்று எதிர்பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான்.

உள்ளே வந்தவன் பூட்ஸைக் கழற்றவில்லை. கம்பளத்தில் மண்ணோடு நடந்து வந்து எதிரில் உட்கார்ந்தான். பையை மேசையில் வைத்தபோது ஒரு பழம் உருண்டு ஜாம் புட்டியில் முட்டி நின்றது. அவன் பழத்தைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைப் பார்த்தான். நான் கெட்டிலை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் டீ ஊற்றினேன், அவனுக்குப் பிடித்தபடி பால் கம்மியாக.

"தாலாய், அன்னைக்கு வராண்டால டாக்டர் உன்கிட்ட எவ்ளோ நேரம் பேசினாரு?"

"தெரியல. அஞ்சு நிமிஷம்."

"வயித்துப்புண்ணுக்கு அஞ்சு நிமிஷமா?"

அவன் பழத்தை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தான். "கடைக்காரன் நல்ல பழம்னான்" என்றான். "ரத்தம் ஊறும்னான். ஜிபார், நீ..."

"பேர் சொல்லாத. பீப்பாய்னு கூப்பிடு."

அவன் வாயைத் திறந்தான். பத்தொன்பது வருஷமாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திய அந்த ஒரு சொல்லை அவன் தேடுவது முகத்தில் தெரிந்தது. சொல் வரவில்லை. என் கணவன்மேல் எனக்கு அப்போது வந்த இரக்கத்தைப் போல அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.

"சரி, டீயக் குடி. குடிச்சுட்டுச் சொல்லு" என்று கிண்ணத்தை அவன் பக்கம் நீட்டினேன். கிண்ணத்தை வைத்துவிட்டுத் தாழ்த்திய கையிலிருந்து வளையம் நழுவி, விரல்களைத் தாண்டி, இரண்டு பேருக்கும் நடுவில் மேசைத்துணிமேல் விழுந்தது. அங்கேயே வட்டமாகக் கிடந்தது, இரண்டு வருஷத்துக்கு முந்தைய என் கையின் அளவில். வெளியே சாலையில் யாரோ இன்று சம்சா கிடையாதா என்று கூப்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு தாலாய் தன் பெரிய கையை மெதுவாகக் கொண்டுவந்து, கோழிக்குஞ்சை மூடுவதுபோல, அந்த வட்டத்தின்மேல் கவிழ்த்து வைத்தான்.